கரகம் எடுக்காத வருஷம்

கல்மலைத் தோட்டம்,
புக்கிட் பெலண்டோக்.
10.2.1943

தம்பி தங்கராஜுவுக்கு அக்கா மயிலம்மாள் எழுதுறது. மாரியாத்தா புண்ணியத்துல எனக்குக் காய்ச்சல் தலைவலி ஒண்ணும் இல்ல. உனக்கு எப்படி? ராவுத்தர் கடையில வேளைக்குச் சோறு கிடைக்குதா, இல்ல அங்கயும் கிழங்குதானா? உனக்குப் பசி தாங்காது. அம்மா அப்பா போனப்புறம் உன்னைத் தூக்கி வளத்தவ நான், என்கிட்ட மறைக்காத.

நல்ல சேதி ஒண்ணு இருக்கு. இந்த வருஷம் சித்திரை கழிஞ்சதும் நம்ம கோயில்ல திருவிழா வெக்கறதுன்னு முடிவாயிருச்சு. போன வருஷம் ஜப்பான்காரன் வந்த பயத்துல விளக்குக்கூட ஏத்தல. இந்த வருஷம் மண்டோர் மாயாண்டி அண்ணன் ஒரே பிடியா நிக்கிறாரு. தோட்டத்துல வேலை வாங்குறதும் அவரு, கோயில் தலைவரும் அவருதானே.

நம்ம ஆளுகளை நீ இப்பப் பாக்கணும்டா. தொரை ஓடிப்போயிட்டான், கணக்கு எழுதுற கிராணி ஆபீசைப் பூட்டிட்டுப் போயிட்டாரு, ரப்பர் பால் வெட்டு நின்னு போச்சு. கல்மலை அவ்வளவுதான்னு பக்கத்துத் தோட்டத்துல எல்லாம் சிரிச்சாங்க. மாயாண்டி அண்ணன் என்ன பண்ணாரு தெரியுமா? விடியக்காலையில அதே இடத்துல அதே மாதிரி பெரட்டு வெக்கிறாரு. பேர் கூப்பிடுறாரு, நாங்க வரிசையா நிக்கிறோம். சம்பளம் குடுக்க ஆளில்ல, ஆனா பெரட்டு உண்டு! நீ கிழங்குத் தோட்டத்துக்குப் போ, நீ போர்ட்டிக்சன் கடக்கரைக்குப் போய் உப்புக் காய்ச்சு, நீ கஞ்சிக்கு விறகு எடுன்னு பிரிச்சு விடுறாரு. எல்லா லயத்துக்கும் ஒரே கஞ்சித் தவலை. இதுவரைக்கும் ஒரு வீட்டுலயும் பட்டினின்னு ஒருத்தரும் படுக்கல. ராக்கம்மா சொல்றா, "தொரை இருந்தப்ப வராத ஒழுங்கு தொரை போனப்புறம்தான்டி வந்திருக்கு"ன்னு. அவ புருஷன் சன்னாசி இப்பவே தப்பு மேளத்தைக் காய்ச்ச ஆரம்பிச்சுட்டான்.

கரகம் நம்ம வீட்டுது. அப்பா எடுத்தாரு, அவருக்குப் பின்னால நீதான். மாயாண்டி அண்ணன் உன் பேரைச் சொல்லிட்டாரு. காப்புக் கட்டுறதுக்கு முந்தின நாளே வந்துரணும்.

தபால்ல போட்டா பிரிச்சுப் படிக்கிறானுங்களாம். கருவாடு கொண்டாந்த ராவுத்தர் கையிலயே இதைக் குடுத்து விடுறேன். உடம்பைப் பாத்துக்க.

உன் அக்கா
மயிலம்மாள்

---

லோபாக், சிரம்பான்.
3.3.1943

அன்புள்ள அக்காவுக்கு தங்கராஜு வணக்கம் சொல்லி எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. படித்ததும் பாதிப் பசி போய்விட்டது. முதலாளி பக்கீர் முகம்மது ராவுத்தரும் அவர் சம்சாரம் சைதூன் பீவியும் என்னை வீட்டுப் பிள்ளையாகத்தான் வைத்திருக்கிறார்கள். கவலைப்படாதே.

அக்கா, திருவிழா வேண்டுமா இந்த வருஷம்? கோபப்படாமல் கேள். இங்கே ஊரில் ஜப்பான்காரன் ஆள் பிடிக்கிறான். சயாமில் ரயில் பாதை போடுகிறானாம். மூன்று மாத வேலை, அரிசி, துணி எல்லாம் உண்டு என்றுதான் சொல்கிறான். போனவர் ஒருவரும் இன்னும் திரும்பவில்லை. எங்கே கூட்டம் கூடுகிறதோ அங்கே லோரி வருகிறது. லுக்குட் பக்கம் ஒரு தோட்டத்தில் சினிமாப் படம் காட்டுகிறேன் என்று எல்லாரையும் வரவழைத்து அப்படியே ஏற்றிப் போனானாம்.

நம் கடையிலிருந்து ஜப்பான்காரன் கேம்புக்குக் கருவாடு போகிறது. அதனால் எனக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டி கொடுத்திருக்கிறான். இந்த ஊருக்குள் இருக்கும்வரை என்னைத் தொடமாட்டான். தோட்டத்துக்கு வந்தால் அது செல்லாது.

நீ இங்கே வந்துவிடேன். சைதூன் பீவி அக்காவே சொல்கிறார், பின்கட்டில் இடம் இருக்கிறது என்று. மாமா காலமானபின் உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

பதில் எழுது. ராக்கம்மா அக்கா, சன்னாசி அண்ணன், அவர்கள் பெண் குழந்தை எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு
தங்கராஜு

---

கல்மலைத் தோட்டம்.
28.3.1943

தம்பிக்கு அக்கா எழுதுறது. உடம்புக்கு ஒண்ணும் இல்ல, மனசுதான் சரியில்ல. அங்க நீயும் உன் முதலாளி வீட்டாரும் சுகமா இருக்கணும்.

உனக்கு அங்க யாரு இருக்காங்கன்னு கேட்டியே, நாக்குக் கூசலயாடா? உங்க மாமா செத்தப்ப பாடை கட்டினது யாரு? எனக்குக் கஞ்சி ஊத்தினது யாரு? லோபாக்குல பின்கட்டுல இருக்கணுமாம். நல்ல கூத்து. நான் பின்கட்டுல ஒண்டிக்கிறவளா?

ராக்கம்மா குழந்தையை விசாரிச்சிருந்தே. அது போயிருச்சு தம்பி. மாசி மாசம், லோரி வருதுன்னு யாரோ புரளி கிளப்பி விட்டாங்க. தோட்டமே பெலுக்கார் புதர்க்காட்டுக்குள்ள ஓடிருச்சு. ஒரு வாரம் கொசுக்கடியில கிடந்தோம். லோரியும் வரல, மயிரும் வரல. காய்ச்சல்தான் வந்துச்சு. ராக்கம்மா மடியிலயே அந்தப் பிஞ்சு கண்ணை மூடிருச்சு. அதுக்கப்புறம் ரெண்டு தடவை அதே புரளி. ராக்கம்மா லயத்து வாசல்ல உக்காந்துக்கிட்டு, "இனிமே எமனே லோரி ஓட்டிட்டு வந்தாலும் நான் காட்டுக்குப் போகமாட்டேன்"னு சொல்லிட்டா. அவ சொன்னப்புறம் யாரும் போகல.

அதனாலதான்டா திருவிழா. பிள்ளையப் பறிகொடுத்தவளே, காட்டுல இருந்து திரும்பின மறுநா காலையில பெரட்டுல வந்து நின்னா. கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கு, மம்பட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிறா. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இந்த சனங்க நடுவுல பொறந்தோமேன்னு எனக்குப் பெருமையா இருக்கு, உனக்கு ஏன் இல்ல? அமிர்தலிங்கம் வாத்தியாரு கரும்பலகை இல்லாம மணல்ல எழுதிச் சொல்லிக் குடுக்கிறாரு. செல்லம்மா கோணிச்சாக்கைத் துவைச்சுத் துவைச்சு, கோயிலுக்கு உடுத்திட்டு வர்ற அளவுக்குச் சேலை ஆக்கியிருக்கா. இத்தனை பேரும் உன் தலையில கரகத்தைப் பாக்கணும்னு உக்காந்திருக்காங்க. நீ கையில பட்டி கட்டிக்கிட்டுக் கருவாடு நிறுத்துக்கிட்டு இரு.

வந்தா வா. வரலேன்னா, அப்பா பேரை எடுக்க ஆளில்லன்னு நான் மாயாண்டி அண்ணன்கிட்ட சொல்லிர்றேன். அந்த வெக்கத்தையும் நானே பட்டுக்கிறேன்.

கோவத்துலயும் உன் நல்லதையே நினைக்கிற
அக்கா மயிலம்மாள்

---

லோபாக்.
19.4.1943

அக்காவுக்கு வணக்கம். சுகம். உன் சுகமும் அதுவே ஆகுக.

குழந்தை போன செய்தி கேட்டு ஒரு வாய் இறங்கவில்லை. ராக்கம்மா அக்கா முகத்தில் எப்படி முழிப்பது என்று தெரியவில்லை.

வருகிறேன். காப்புக் கட்டுக்கு முந்தின நாள் வந்துவிடுவேன். முதலாளி வேண்டாம் என்றுதான் சொன்னார், பிறகு உப்பும் ஒரு கட்டுச் சூடமும் கொடுத்து, "போய்வா, ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்" என்றார். இனி என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லாதே.

தங்கராஜு

---

லோபாக்.
20.5.1943

அக்காவுக்கு. உயிரோடு வந்து சேர்ந்துவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்றுதான் தெரியவில்லை.

என்ன காரியம் செய்துவிட்டாய் அக்கா. வா வா என்று கூப்பிட்டதும் நீ, ஓடு ஓடு என்று விரட்டியதும் நீ. நான் என்ன, கயிறு கட்டிய ஆட்டுக்குட்டியா?

காப்புக் கட்டினால் திருவிழா முடிந்து மாயாண்டி அண்ணன் அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது என்று சின்ன வயசில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். தாண்டினால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு என் வாயிலேயே போட்டாய். கரகம் எடுக்கப்போகிற கையில் கட்டிய காப்பை, திருவிழாவுக்கு முந்தின நாள், பால் வெட்டுகிற கத்தியால் அறுத்தாயே. மணிக்கட்டில் கீறல் இன்னும் ஆறவில்லை.

அன்று மத்தியானம் முதலாளி சைக்கிளில் வந்து, சிரம்பான் திடலில் லோரிகள் நிற்கின்றன, நாளைக்குப் பெலண்டோக் பக்கம்தான் என்று பேச்சு என்றார். நீ குழாயடிக்கு ஓடி எல்லாரிடமும் கத்தினாய். நானும் பின்னாலேயே வந்தேன். ராக்கம்மா அக்கா சிரித்தார். "மறுபடியும் காட்டுக்கா? அடுத்த பிள்ளைக்கு எங்கடி போவேன்?" என்றார். எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். காப்புக் கட்டியாச்சு, இனி ஆத்தா பாடு என்று மாயாண்டி அண்ணனும் சொல்லிவிட்டார். நானும் அதையேதான் சொன்னேன். இருக்கிறவர்களோடு இருந்துவிடுகிறேன் என்றேன். நீ கேட்டாயா? கத்தியை உன் கழுத்தில் வைத்துக்கொண்டு, "நீ போறியா, நான் போகவா?" என்றாய். நான் வேறென்ன செய்வேன்?

லோரி வந்தது என்று முதலாளி நேற்றுச் சொன்னார். யார் யாரை என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு எழுது. எதையும் மறைக்காமல் எழுது.

தங்கராஜு

---

கல்மலைத் தோட்டம்.
24.6.1943

என் தம்பிக்கு அக்கா எழுதுறது. நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கேங்கறதைத் தவிர எனக்கு இப்ப ஒண்ணும் கேக்க வேண்டியதில்ல.

உடனே எழுத முடியல. எழுத உக்காந்தா எழுத்து கலங்கிப் போகுது.

நீ போன மறுநா சாயங்காலம், எல்லாரும் கோயில் முன்னால கூடியிருந்தோம். சன்னாசி தப்பு அடிச்சுக்கிட்டிருந்தான். கரகத்தைத் தூக்க ஆளில்லாம, வேப்பிலை சுத்தின செம்பு உள்ளயே இருந்துச்சு. அப்பதான் லோரி சத்தம். ரெண்டு பக்கமும் வழியை அடைச்சுட்டானுங்க. நம்ம பாஷை பேசுற ஒருத்தன் இறங்கி, மூணு மாசம்தான், அரிசி உண்டு, துணி உண்டுன்னான். ஒருத்தரும் அசையல. அப்புறம் துப்பாக்கிக் கட்டையால இடிச்சானுங்க.

கையில காப்போடதான் ஆம்பளைங்க எல்லாரும் ஏறினாங்க. எல்லையத் தாண்டக்கூடாதுன்னு இருந்த சனங்களை அப்படியே அள்ளிட்டுப் போயிட்டான்.

மாயாண்டி அண்ணனைக் கிழவன்னு ஒதுக்கி விட்டான் தம்பி. அவரு போகலாம்னு கைகாட்டிட்டான். அந்த மனுஷன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "எம் ஆளுக பேரைக் கூப்பிட அங்க யாரு இருக்கா?"ன்னு சொல்லிட்டு அவராவே ஏறினாரு. ஏறி நின்னு ஒவ்வொருத்தர் பேரா கூப்பிட்டாரு. லோரியில இருந்து ஒவ்வொருத்தனும் குரல் குடுத்தான். பெரட்டு மாதிரியேதான். அந்த சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகல.

சன்னாசி தப்பைக் கழட்டி ராக்கம்மா கையில குடுத்துட்டு ஏறினான். லோரி போன தூசி அடங்கறதுக்குள்ள அவ அந்தத் தப்பை மாட்டிக்கிட்டு அடிக்க ஆரம்பிச்சா. பொம்பளைங்க அடிச்சுப் பாத்திருக்கியா? தாளமெல்லாம் இல்ல. விடாம அடிச்சா, கை தோல் உரியுற வரைக்கும். அதைக் கேட்டுக்கிட்டேதான் மத்த பொம்பளைங்க பூசைய முடிச்சாங்க. பாதியில நிறுத்தினோம்னு யாரும் சொல்லக்கூடாதுன்னு முடிச்சாங்க.

உன் மணிக்கட்டுல மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வெச்சுக் கட்டு. இந்தப் பக்கம் வராத. நான் வான்னு எழுதுற வரைக்கும் வராத.

அக்கா

---

லோபாக்.
11.8.1943

அக்காவுக்கு வணக்கம். நான் சுகமென்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சுகம்தான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையிலேயே அழுதேன். சைதூன் பீவி அக்கா பார்த்துவிட்டுக் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். கரகம் எடுக்கவேண்டியவன் ஓடிப்போனான், அதனால்தான் ஆத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று அங்கே பேச்சு இருக்கிறதா? உன்னை யாராவது ஏதாவது சொல்கிறார்களா? சொன்னால் நான் வந்து அவர்கள் முன்னால் நிற்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்கட்டும். நீ ஏன் தனியாக நிற்கவேண்டும்?

உப்பும் கொஞ்சம் கருவாடும் அனுப்பியிருக்கிறேன்.

உன் தம்பி
தங்கராஜு

---

கல்மலைத் தோட்டம்.
5.10.1943

தம்பிக்கு அக்கா. சாமி புண்ணியத்துல சுகம். நீயும் ராவுத்தர் வீட்டாரும் நல்லா இருங்க. கருவாடு வந்துச்சு.

அப்படியெல்லாம் பேச்சு ஒண்ணும் இல்ல. எல்லாரும் நல்லபடியா இருக்காங்க. கிழங்கு நல்லா விளைஞ்சிருக்கு. மழை உண்டு. ஆம்பளை இல்லாத தோட்டம்னு யாரும் சொல்லிர முடியாது, பெரட்டு நடக்குது. இப்ப ராக்கம்மாதான் பேர் கூப்பிடுறா. குரல் கணீர்னு இருக்கு. கஞ்சி தினமும் வருது. கிணத்தைத் தூர் வாரினாங்க. கோயில் கூரை ஒழுகினதை மாத்திட்டாங்க.

நான் காலையில வேலைக்குப் போறேன், சாயங்காலம் வர்றேன். கோழி ஒண்ணு வளக்குறேன். அதுகூடப் பேசிக்கிட்டிருந்தா பொழுது போயிரும்.

வராத. கடிதம் எழுதினா போதும்.

அக்கா மயிலம்மாள்

---

லோபாக்.
16.12.1943

அக்காவுக்குத் தங்கராஜு வணக்கம். மழையில் உனக்கு இருமல் வருமே, எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். முன்பெல்லாம் ராக்கம்மா இப்படிச் சொன்னா, மாயாண்டி அண்ணன் அப்படிச் சொன்னாரு, செல்லம்மா சிரிச்சான்னு எழுதுவாய். உன் கடிதத்தைப் பிரித்தாலே லயத்துச் சத்தம் கேட்கும். இந்தக் கடிதத்தில் யாருமே பேசவில்லை அக்கா. கூரை மாற்றினார்கள், கிணறு தூர் வாரினார்கள் என்கிறாய். மாற்றினோம் என்று ஏன் எழுதவில்லை? கோழியோடு பேசுகிறேன் என்கிறாய்.

உன்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்களா? எத்தனை நாளாக? என்னைக் காப்பாற்றினதற்கு உனக்கு இந்தத் தண்டனையா? அப்படிப்பட்ட சனங்களையா நீ அவ்வளவு பெருமையாக எழுதினாய்? எனக்கு வயிறு எரிகிறது. கிளம்பி லோபாக்குக்கு வந்துவிடு. இல்லையென்றால் நான் வந்து இழுத்துக்கொண்டு வருவேன்.

இந்தத் தடவை மழுப்பாமல் எழுது.

தங்கராஜு

---

கல்மலைத் தோட்டம்.
9.2.1944

தங்கராஜு தம்பிக்கு ராக்கம்மா சொல்லி, கிழவன் என்று லோரியில் ஏற்றாமல் விடப்பட்ட அமிர்தலிங்கம் வாத்தியார் எழுதுவது. சொன்னதைச் சொன்னபடியே எழுதச் சொல்லியிருக்கிறாள். எழுதுகிறேன்.

நீ நல்லா இருக்கியான்னு நான் கேக்கல. நல்லாத்தான் இருப்பே.

உன் அக்காவுக்குக் காய்ச்சல். குளிர் போட்டு ஆட்டுது. உன் கடிதம் தலமாட்டுல இருந்துச்சு, வாத்தியாரைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். வயிறு எரியுதுன்னு எழுதியிருக்கே. எரியட்டும். எனக்கும் எரியுது.

நாங்க அவகூடப் பேசறதில்ல. உண்மைதான். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கல, வாய் வரல, அவ்வளவுதான். பெரட்டுல நான் அவ பேரைக் கூப்பிடுறதில்ல. கூப்பிடப் போனா, அதுக்கு முன்னால எம் புருஷன் பேர் வாயில வந்து நிக்குது. அவ தம்பி இருக்கான், எம் புருஷன் இல்ல. இதுல நியாயம் இருக்கா இல்லையான்னு என்கிட்ட கேக்காத.

ஆனா அவ தினமும் வந்து வரிசையில கடைசியில நிப்பா. நான் பேரைக் கூப்பிட மாட்டேன், அவளா மம்பட்டியை எடுத்துக்கிட்டுப் போவா. வேலையில ஒருத்தருக்கும் குறைஞ்சவ இல்ல. இத்தனை மாசத்துல ஒரு நாள்கூட அவ, "நான் சொன்னேன், நீங்க கேக்கல"ன்னு வாயைத் திறந்து சொன்னதில்ல. சொல்லியிருந்தா சண்டை போட்டுத் தீத்திருக்கலாம்.

அவளுக்குக் கஞ்சி நின்னதில்ல. முதல் நாள்ல இருந்து வாசல்ல வெச்சுட்டுத்தான் வர்றோம், ஒரு நாள் செல்லம்மா, ஒரு நாள் நான். ரெண்டு நாளா அவ பெரட்டுக்கு வரலேன்னு நேத்து மனசு உறுத்துச்சு, போய்ப் பாத்தா வெச்ச கஞ்சி வெச்சபடி இருக்கு, இவ பாயில சுருண்டு கிடக்கா. இப்ப என் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டோம். மாத்தி மாத்தி பாத்துக்கிறோம். அவ எங்களைப் பாத்து ஏதோ சொல்ல வர்றா, நான் முகத்தைத் திருப்பிக்கிறேன். கோவம் போகல, போகும்னும் தோணல. ஆனா கல்மலையில ஒருத்தி கேக்க நாதியில்லாம செத்தான்னு பேரு வர விடமாட்டோம். நீ எங்களை என்னன்னு நினைச்சே?

உனக்குத் திராணி இருந்தா காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை தேடி அனுப்பு. நீ வராத. வந்தா உன்னைப் பாத்து எங்க வீடுகள்ல என்ன ஆகும்னு எனக்கே தெரியாது.

ராக்கம்மா கைநாட்டு

---

லோபாக்.
17.2.1944

ராக்கம்மா அக்காவுக்கு, வாத்தியார் ஐயா படித்துக் காட்டவேண்டியது. தங்கராஜு கும்பிட்டு எழுதுவது.

கொய்னா கிடைத்தது. எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள். முதலாளி தம் வீட்டுக்கு ஒளித்து வைத்திருந்ததில் பாதியை எடுத்துக் கொடுத்தார், சைதூன் பீவி அக்கா மீதியையும் எடுத்துக் கொடுத்தார். அக்காவுக்குப் போக மிச்சம் இருந்தால் யாருக்குத் தேவையோ கொடுங்கள்.

வராதே என்றீர்கள், வரவில்லை. வயிறு எரிகிறது என்று எழுதியது என் தப்பு. உங்களைப் பற்றி அக்கா பெருமையாக எழுதியது அத்தனையும் நிஜம்தான். நான்தான் தப்பாகப் படித்தேன்.

சன்னாசி அண்ணன் திரும்ப வரவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இதை எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

தங்கராஜு

---

கல்மலைத் தோட்டம்.
2.12.1945

கண்ணு தம்பிக்கு அக்கா எழுதுறது. எனக்குச் சுகம். காய்ச்சல் போனதுல இருந்து காது கொஞ்சம் மந்தம், வேற குறை இல்ல. இந்த ரெண்டு வருஷமா நீ எழுதினதுக்கெல்லாம் ரெண்டு ரெண்டு வரியில பதில் போட்டேன். கோவிச்சுக்காத. எழுத ஒண்ணும் இல்லாமதான் எழுதல.

இன்னைக்கு இருக்கு.

போன செவ்வாக்கிழமை மாயாண்டி அண்ணன் திரும்பி வந்துட்டாரு. வெள்ளைக்காரன் லோரி, ரோட்டு முனையில இறக்கி விட்டுட்டுப் போச்சு. முதல்ல யாருக்கும் அடையாளம் தெரியல. எலும்பும் தோலும், கால்ல பெரிய புண்ணு. அவரோட இன்னும் ரெண்டு பேரு. அவ்வளவுதான் தம்பி. மத்தவங்க இல்ல.

கஞ்சி குடுத்தாங்க, குடிக்கல. கோலை ஊணிக்கிட்டு வீடு வீடா நடந்தாரு. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, உன் மகன் இன்ன இடத்துல, பேதி கண்டு. உன் அண்ணன் இன்ன பாலத்துக்கிட்ட. நான் பக்கத்துல இருந்தேன், மண்ணு போட்டேன்னு சொன்னாரு. இதைச் சொல்றதுக்குத்தான் உயிரைப் பிடிச்சுக்கிட்டு வந்தாராம். தோட்டம் முழுக்க ஒப்பாரி. ராக்கம்மா வாசல்ல நின்னு சன்னாசி பேரையும் சொன்னாரு.

அப்புறம் என் வாசலுக்கு வந்தாரு. எனக்குச் சொல்ல அவர்கிட்ட சாவு ஒண்ணும் இல்ல. நிமிந்து பாத்தாரு, "உன் தம்பி சுகமா?"ன்னு கேட்டாரு. சுகம்ணேன்னு சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கூசிப்போச்சுடா. உயிரோட இருக்கான்னு சொல்றதுக்கு ஒரு அக்கா கூசலாமா? கூசிச்சு. அவரு தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு.

இன்னைக்குச் சாயங்காலம் ராக்கம்மா வந்தா. காய்ச்சல் தீந்து நான் என் வீட்டுக்கு வந்தப்புறமும் பழையபடி வாசல்லயே கஞ்சியை வெச்சுட்டுப் போறவ, உள்ள வந்து உக்காந்தா. நான் எந்திரிக்கல. எனக்குப் பயமா இருந்துச்சு.

அவதான் பேசினா. "ஏன்டி மயிலு, அன்னைக்கு அந்தக் கத்தியை எடுத்துக்கிட்டு நீ என் வீட்டுக்கும் வந்திருக்கலாம்ல?" அப்படின்னா.

நானும் இத்தனை நாளா அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன்.

அவளே சொன்னா. "வந்திருந்தா உன் கையை ஒடிச்சிருப்பேன். எனக்குத் தெரியும். குழாயடியில நீ கத்தினப்ப முதல்ல சிரிச்சவ நான்தான்டி. நான் சிரிக்கலேன்னா மத்தவளுகளும் சிரிச்சிருக்க மாட்டாளுக." சொல்லிட்டு என் தோள்ல விழுந்தா. ரெண்டு பேரும் எவ்வளவு நேரம் அழுதோம்னு தெரியல. செல்லம்மா வந்து விளக்கேத்தினா.

அவ தூங்கிட்டா. என் பாயிலதான் படுத்திருக்கா. நான் பக்கத்துல உக்காந்து இதை எழுதுறேன்.

தம்பி, இனிமே நீ வரலாம். வர்றப்ப நேரா என் வீட்டுக்கு வந்துராத. முதல்ல ராக்கம்மா வாசலுக்குப் போ. உன்னைப் பாத்ததும் அழுவா, அடிச்சாலும் அடிப்பா. நகராம அங்கயே நில்லு. அவளா உள்ள கூப்பிடுற வரைக்கும் நில்லு. நான் காத்துக்கிட்டிருப்பேன்.

உன் அக்கா
மயிலம்மாள்